ஒன்பது மணிக்குச் சூடேறும் பெட்டி

அத்தியாயம் 5

கல்யாண மாப்பிள்ளை குடிப்பானா மாட்டானா என்று விசாரித்துச் சொல்வதுதான் எங்கள் ஆபீஸுக்குச் சோறு போடும் வேலை. விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில், 'சக்கரபாணி விசாரணை நிலையம்' என்று ஒரு போர்டு தொங்கும். அந்தச் சக்கரபாணி ரயில்வே ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறிய வந்த மனிதர். நான் ரிஸ்வானா, சொந்த ஊர் கோட்டக்குப்பம். அவருக்கு உதவியாளர், டைப்பிஸ்ட், டிரைவர் எல்லாம் நான்தான். அவருடைய மூக்குக்கண்ணாடி அவர் தலையில்தான் இருக்கிறது என்று தினம் நாலு தடவை சொல்வதும் என் உத்தியோகத்தில் சேர்த்தி.

அன்று காலை ஆறரை மணிக்கு வந்த கேஸில் மாப்பிள்ளை யாரும் இல்லை. வெண்டைக்காய்தான் இருந்தது.

"சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எப்படியாவது காப்பாத்திக் குடுத்துடுங்க," என்றபடி உட்கார்ந்தார் கிருஷ்ணவேணி. பனமலை ஏரிக்குக் கீழே சொந்த நிலம். பக்கத்திலேயே காய்களைப் பெட்டி போட்டு ஷார்ஜாவுக்கு அனுப்பும் ஷெட். முப்பத்திரண்டு பெண்கள் அதில் வேலை செய்கிறார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. சென்னை விமான நிலையத்துச் சரக்குப் பகுதிக்காக ஓர் அளவெடுப்பு நடக்கிறது. எந்த ஊர்க் காய் எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு சூட்டோடு விமானம் வரை வந்து சேருகிறது என்று நாலு ஊர்களைப் பன்னிரண்டு நாள் அளக்கிறார்கள். தேறிய ஊருக்குச் சாயங்கால ஷார்ஜா விமானத்தில் தினமும் நிரந்தர இடம். தேறாத ஊர்க்காரர்கள் இப்போது போலவே ஏஜெண்டைக் கெஞ்சி, மறுநாள் விமானத்துக்குக் காத்திருந்து, பாதி வெண்டை கறுத்த பிறகு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"இனிமே கறுத்த காய் வந்தா வேணாம்னு ஷார்ஜாக்காரரு கண்டிசனா சொல்லிட்டாரு சார். இந்த இடம் கிடைக்கலன்னா ஷெட்ட மூட வேண்டியதுதான். வேற வழி இல்ல."

"எப்படிம்மா அளக்குறாங்க?" என்றார் சார்.

"ஒண்ணாம் நம்பர் பொட்டிக்குள்ள ஒரு மீட்டர் வச்சுருக்காங்க. சோப்புக்கட்டி சைஸு. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவை சூட்டைக் குறிச்சிக்கினே இருக்கும். அந்தப் பொட்டி வண்டிய விட்டு எறங்கக் கூடாது, பதினஞ்சு டிகிரியத் தாண்டக் கூடாது. பன்னண்டு நாள்ல நாலு நாளாவது சுத்தமா வரணும்னு ரூல். இதுவரைக்கும் மூணுதான் வந்துருக்கு. இன்னிக்குக் கடைசி நாள்."

பதினோரு தாள்களை மேஜை மேல் வைத்தார். அளவெடுக்கும் ஆனந்தராஜ் என்ற அதிகாரி முந்தின நாள் சாயங்காலம்தான் அனுப்பியிருந்தாராம். ஒவ்வொரு தாளிலும் ஒரு கோடு. காலை எட்டு மணிக்கு ஒன்பது டிகிரியில் படுத்திருக்கும் கோடு, ஒன்பது மணிக்கு எழுந்து முப்பத்து மூன்று வரை ஏறி, பத்தே காலுக்கு இறங்கத் தொடங்கி, பதினொன்றுக்குள் மறுபடி படுத்துவிடுகிறது. எட்டு நாள் இப்படி. நடுவில் மூன்று நாள் மட்டும் கோடு அசையவே இல்லை.

"டிரைவரு பூவரசன் வேலைதான் சார் இது. ஒம்போது மணிக்கு ஏசிய ஆஃப் பண்ணிட்டு, மிச்சம் புடிச்ச டீசல விக்கிறான்."

"அவருகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா உஷாராயிட மாட்டானா? ஆறு வருஷமா நம்ம வண்டிதான் ஓட்டுறான். நான் ஒரு வார்த்த சொல்லல. நீங்க பின்னாடியே போயி, அவன் கை வைக்கிற நேரத்துல தடுத்துடுங்க. அது போதும் எனக்கு."

தடுத்துவிடுங்கள் என்றுதான் சொன்னார். பிடித்துக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு அன்று ஒன்பதரை மணிக்குத்தான் உறைத்தது.

*

எட்டரைக்கு நாங்கள் கூட்டேரிப்பட்டு கூட்ரோடு டீக்கடையில் இருந்தோம். என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வரும்போதே சார் தாள்களைப் பிரித்துப் படித்ததில், ஏழாவது நாள் தாள் விக்கிரவாண்டி தாண்டிப் பறந்து போனது. ஓடிப்போய்ப் பிடித்து வந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"நாம பனமலையில இருந்தே வண்டி பின்னாடி வர்றதா இல்ல பேச்சு?" என்றேன்.

"எதுக்கு? வெள்ளாட்டுக்குப் பின்னாடி போற மாதிரி லாரிக்குப் பின்னாடி போயிக்கினு இருக்கணுமா? ஒம்போது மணிக்கு வண்டி எங்க இருக்கும்னு பாரு. அந்தம்மா சொன்ன கணக்குப்படி தினமும் விக்கிரவாண்டி டோல்கேட்ட எட்டு நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டுக்குத் தாண்டுது. அங்கிருந்து இருவது நிமிசம். இங்கதான் இருக்கும்."

அவர் கிருஷ்ணவேணிக்கு போன் போட்டார். "ஏம்மா, வண்டியில மொத்தம் எத்தன பொட்டி? தொண்ணூறா? சரி. அந்த எட்டு நாள்ல ஏர்போர்ட்டுல எறக்குறப்ப மத்த எம்பத்தொம்போது பொட்டியில காய் எப்படி இருந்துச்சு? நல்லா இருந்துச்சா? ஒண்ணாம் நம்பர்ல மட்டும்தான் கறுத்துதா? சரி சரி."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரே இட்லி குண்டான்ல ஒரு இட்லி மட்டும் வெந்து, மத்ததெல்லாம் மாவா இருக்குமா ரிஸ்வானா?"

"எங்க அம்மா சுட்டா இருக்கும் சார்."

"ஏசிய நிறுத்தியிருந்தா தொண்ணூறு பொட்டியும் சுட்டிருக்கணும். அதுவும் மெதுவா. மூடுன வண்டி சூடாக ஒரு மணி நேரமாவது ஆவும். இந்தக் கோட்டப் பாரு. நட்டமா செவுரு மாதிரி ஏறுது. இது வெயில். நேரா வெயில்."

"அப்ப பொட்டி வண்டிய விட்டு எறங்கியிருக்கு."

"இங்க எறங்கி, பத்தே காலுக்குத் திண்டிவனத்துல ஏறியிருக்கு. அங்க வண்டி முருங்கக்கா ஏத்த ஒரு மணி நேரம் நிக்கும். பத்தரைக்குத்தான் கெளம்பும். நம்ம பூவரசன் டீசல் திருடன் இல்ல. வேற என்னமோ." சாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பார்சல் ஆபீஸில் காணாமல் போன மூட்டை கிடைத்தால் இப்படித்தான் மலர்ந்திருப்பார் போல.

ஏர்போர்ட்டில் மீட்டரை வெளியே எடுக்கும்போது பெட்டியைப் படம் பிடித்துத் தாளோடு சேர்த்திருந்தார்கள். சார் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"மூலையில வெள்ளையா ஒரு தீத்தல். விபூதி. ஷெட்டுல காலையில பூஜை போடுவாங்க போல."

"ஷெட்டுல போட்டா தினமும் போடுவாங்களே சார். இந்த மூணு நாள் படத்துல இல்லையே," என்றேன்.

வாங்கிப் பார்த்தார். ஆறாவது நாள், ஏழாவது நாள், எட்டாவது நாள். கோடு அசையாத அதே மூன்று நாள். விபூதி இல்லை.

"விபூதி வச்ச அன்னிக்குச் சூடு. வைக்காத அன்னிக்குச் சூடு இல்ல." மோவாயைத் தடவினார். "ஆனா நடுவுல மூணு நாள் மட்டும் ஏன் விட்டாங்க? கோயில் மூடியிருந்துச்சா? பக்கத்துல மயிலம் மலைதான் இருக்கு. முருகன் கோயில மூணு நாள் யாரு மூடுவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் மூட்டைகளோடு வாழ்ந்த மனிதர்.

"கோயில் மூடல சார். போறவங்கதான் போகல. தொடர்ந்தாப்புல மூணு நாள். அதுக்கு முன்னாடியும் போயிருக்காங்க, பின்னாடியும் போயிருக்காங்க. எங்க வீட்லயும் அந்த நாள்ல தொழுகை கிடையாது."

சாருக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. புரிந்ததும் டீ கிளாஸுக்குள் பார்க்க ஆரம்பித்தார்.

"பொம்பள," என்றார் டீயிடம்.

"ஆமா சார். பொம்பள."

மறுபடி கிருஷ்ணவேணிக்கு போன். இந்த முறை நான் பேசினேன். கூட்டேரிப்பட்டிலிருந்து ஷெட்டுக்கு வேலைக்கு வருகிற பெண் யாராவது உண்டா?

"ஒருத்திதான். பூவரசன் பொண்டாட்டி கலைப்பிரியா. விடியக்காலம் நாலு மணிக்கு வந்து ஒண்ணாம் நம்பர் பொட்டியில இருந்து அதுதான் அடுக்கும். கை சுத்தம். எட்டு மணிக்கு எக்ஸெல் மொபெட்டுல வீட்டுக்குக் கெளம்பிடும். ஏம்மா? வண்டி வந்துடுச்சா? அவன் கை வச்சுட்டானா?"

"இல்லம்மா, பாத்துக்கினுதான் இருக்கோம்," என்று சொல்லி வைத்தேன். பொய் இல்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

எதிர்ச்சாரியில், மயிலம் ரோடு பிரிகிற இடத்தில், புளியமரத்தடியில் ஒரு எக்ஸெல் நின்றது. அதன் மேல் நாற்பது வயசுப் பெண் ஒருத்தி, தலையில் கனகாம்பரம், கையில் கயிறு. விழுப்புரம் பக்கமிருந்து வெள்ளை லாரி வருவது தெரிந்தது.

"சார், ஓடிப்போயி கை காட்டி நிறுத்திடட்டுமா?" என்றேன்.

"இரு இரு. கண்ணால பாத்துடுவோம். அப்பறம் இல்லன்னு சொல்ல முடியாது."

நானும் நின்றேன். யாரும் என் காலைக் கட்டிப் போடவில்லை. நான் கண்டுபிடித்தது சரிதானா என்று பார்க்க எனக்கும் ஆசை.

லாரி ஓரம் கட்டியது. இறங்கிய டிரைவர் பின்கதவை ஓர் ஆள் அகலத்துக்குத் திறந்தார். கதவோரமாகவே இருந்த பழுப்பு அட்டைப் பெட்டி கைமாறி எக்ஸெல்லின் முன்பக்கம் உட்கார்ந்தது. கயிறு இரண்டு சுற்று. கதவு மூடியது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் இருக்காது. மணி ஒன்பது இரண்டு. லாரி திண்டிவனம் பக்கம் போனது, எக்ஸெல் மயிலம் ரோட்டில் திரும்பியது.

"பாத்தியா," என்றார் சார். போண்டாவின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய எடு. எதுவரைக்கும் போவுதுன்னு பாத்துடுவோம்," என்றார்.

*

மலை அடிவாரத்தில், கற்பூரம் வாங்குவதற்காகக் கலைப்பிரியா வண்டியை நிறுத்தியபோது ஒன்பது இருபது. பெட்டி மேல் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பொட்டியில இன்னாம்மா?" என்று பக்கத்தில் போய் நின்றார் சார்.

அவள் பயப்படவில்லை. "வெண்டக்கா சார். வெளிநாடு போறது."

"வெளிநாடு போறது மலைக்கு எதுக்குப் போவுது?"

நாங்கள் யார் என்று நான் சொன்னேன். முதலாளியம்மா அனுப்பினார் என்றதும்தான் முகம் மாறியது.

"தப்பா எதுவும் பண்ணல மேடம். டேப்ப பிரிக்கல, மீட்டரத் தொடல. சாமி காலடியில வச்சு, விபூதி பூசி எடுத்துக்கினு நேரா திண்டிவனம் போயி வண்டியில ஏத்திடுவேன். முதலாளியம்மாதான் மொத நாளு எங்க எல்லாரையும் நிக்க வச்சு சொன்னாங்க. இந்தப் பொட்டிதான் பரீட்சை எழுதப்போவுது, இது பாஸானா நாம எல்லாரும் பாஸுன்னு. வண்டிய விட்டு எறங்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. எம் பொண்ணு ஆர்த்தி பன்னண்டாவது எழுதுனப்ப ஹால் டிக்கெட்ட இங்கதான் முருகன் காலடியில வச்சு எடுத்தோம். நல்ல மார்க்கு. அதான் பொட்டியையும்..."

"வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலையா?"

"வேணாம்னுதான் சொன்னாரு. கெஞ்சுனேன். ஷெட்டு மூடிட்டா எங்க ரெண்டு பேருக்குமே வேலை இல்ல மேடம். அவ காலேஜுல ரெண்டாவது வருசம் படிச்சிக்கினு இருக்கா."

நான் தாளைப் பிரித்து அவள் முன்னால் காட்டினேன். இது எட்டு மணி. இது ஒன்பது. இங்கேதான் ஏறுகிறது. இந்த ஏற்றம் வந்தால் அந்த நாள் ஃபெயில்.

அவள் விரலை அந்த மேட்டின் மேல் வைத்தாள். "இது இன்னா?"

"இது நீங்க மலைக்குப் போயிட்டு வர்ற நேரம்."

அடுத்த தாள். அதற்கடுத்த தாள். எட்டு மேடுகளையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். மேடு இல்லாத தாளில் விரல் நின்றது.

"இந்த மூணு நாளு நான்..."

"தெரியும்க்கா. அந்த மூணு நாளும் பாஸு."

இவ்வளவு பாவத்தை ஒரு மனுஷி இவ்வளவு பக்தியாகச் செய்ய முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. தாளைப் பார்த்ததும் டிரைவரைத் திருடன் என்று முடிவு கட்டி, அவனிடம் வாயைத் திறக்காமல் இருந்த கிருஷ்ணவேணி மேல் கொஞ்சம் வந்தது.

"நாலு நாள் வேணும்னு சொன்னாங்களே," என்றாள் மெதுவாக. "மூணு இருக்குல்ல. இன்னிக்கு நாளு?"

நான் சாரைப் பார்த்தேன். சார் பெட்டியைப் பார்த்தார். வெயில் படாமல் இருக்க அவள் முந்தானையை எடுத்துப் பெட்டி மேல் போட்டு, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். இதற்குள் மீட்டர் நாலு தடவை குறித்திருக்கும்.

"இங்க எப்ப வந்தீங்க?" என்றாள்.

"இப்பத்தான். உங்க பின்னாடியே," என்றேன்.

"எங்கேருந்து?"

சார்தான் சொன்னார். "கூட்ரோட்ல இருந்தும்மா. டீக்கடையில உக்காந்துக்கினு இருந்தோம்."

"அங்கயேவா? அவரு எறக்கிக் குடுக்குறப்பவே பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"ஒரு கொரல் குடுத்திருக்கக் கூடாதா சார்?"

அவள் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. வழி தெரியாதவள் வழி கேட்பது போலக் கேட்டாள். சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மூட்டைகூட அவர் கண்ணெதிரே தவறிப் போனதில்லை என்று என்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

கற்பூரத்தைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் மலைக்கு ஏறாமல் வண்டியைத் திருப்பினாள்.

*

திண்டிவனத்தில் முருங்கைக்காய் ஏற்றும் இடத்தில் ஆனந்தராஜ் வந்து காத்திருந்தார். கடைசி நாள் என்பதால் மீட்டரை இங்கிருந்து கூடவே போய் வாங்கிக்கொள்ள வந்தவர். முப்பது வயசு, இஸ்திரி கலையாத சட்டை. கலைப்பிரியா பெட்டியை இறக்கி அவர் காலடியில் வைத்து, தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னாள். பன்னிரண்டு நாளையும் சொன்னாள். அந்த மூன்று நாளை மட்டும் 'உடம்பு முடியல' என்று சொன்னாள்.

ஆனந்தராஜ் கெட்ட மனிதர் இல்லை. கேட்டு முடிக்கும்வரை பேனாவைத் திறக்கவில்லை.

"பொட்டி வண்டிய விட்டு இறங்கின நாளெல்லாம் ரத்துங்க. ஒன்பது ரத்து, மூணு சுத்தம். நாலு வேணும். மறு அளவெடுப்பு அடுத்த வருஷம்தான்."

"இன்னிக்கு நடந்தது என் தப்புன்னு எழுதுங்க சார்," என்றார் சக்கரபாணி. "நான் நிறுத்தியிருக்கணும். முன்னாடியே தெரியும் எனக்கு. நிறுத்தல."

"அதுக்கு இந்த ஃபார்ம்ல இடம் இல்லைங்களே."

பூவரசன் லாரிப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தன்னை டீசல் திருடன் என்று சந்தேகப்பட்டார்கள் என்பதும் அந்தப் பேச்சில் அவருக்குத் தெரிந்துபோனது. மனைவியை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னிடம்தான் வந்தார்.

"ஆறு வருசமா ஓட்டுறேன்மா. நேத்து ராத்திரிகூட அவங்க வீட்டு வாசல்லதான் வண்டிய உட்டேன். ஒம்போது மணிக்கு இன்னாப்பா பண்றேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. இன்னிக்குப் பொட்டியக் குடுத்தே இருக்க மாட்டேன்."

பிறகு எண்பத்தொன்பது பெட்டிகளோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஏர்போர்ட்டுக்கு இரண்டு மணிக்குள் போயாக வேண்டும்.

ஒண்ணாம் நம்பர் பெட்டி மட்டும் தங்கிவிட்டது. மீட்டரைக் கழற்றிவிட்டார்கள், இனி அது வெறும் வெண்டைக்காய். கலைப்பிரியா அதை மடியில் வைத்துக்கொண்டு எடைபோடும் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சாரின் போன் அடித்தது. கிருஷ்ணவேணி. சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், புடிச்சிட்டீங்களா?"

"புடிச்சிட்டோம்மா," என்றார் சார். போனை என்னிடம் நீட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரிஸ்வானா, யாரா வேணா இருந்துட்டுப் போவட்டும்மா, அத அப்பறம் பாத்துக்கலாம். நாலாவது நாளு வந்துடுச்சா? அத மட்டும் சொல்லு. பொம்பளைங்க எல்லாம் வேலைய உட்டுட்டு என்னச் சுத்தி நின்னுக்கினு இருக்காங்க."

போனுக்குள் அவர்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"வரலம்மா," என்றேன். "நாங்க தடுத்திருக்கலாம். பாத்துக்கினு நின்னுட்டோம்."